பழைய பெயரில் ஒரு பூட்டு

...ஆனால் பணம் எதுவும் போடவில்லையே, பெயரைத் தட்டிப் பார்த்ததோடு சரி, என்று பெவர்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசை இழுப்பறையைத் திறந்து கைபேசியை முகம் குப்புறக் கவிழ்த்து வைத்து மூடினாள், மூடிய பிறகும் விரல் ஒன்று கைப்பிடியை விட்டு வரவில்லை. பேருந்தில் வரும்போது செய்த வேலை. வெளியே கிளம்புகிறவர்கள் பூட்டிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான், அதற்குமேல் ஒன்றும் இல்லை... இழுத்தால் திறந்துகொள்ளும் என்று யார் கண்டார்கள்? மீன்பிடித் துறைமுக நிறுத்தத்தில் வண்டி நின்றபோது கைபேசியில் ஒரு சூதாட்டக் கடை பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் கேட்டது, கொடுத்தாள், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் திரையில் வண்ணக் காகிதங்கள் உதிர்ந்தன, வருக பெவர்லி ஆஸ்கர்பி, என்றது. நாலு வருடமாக எந்தக் கதவைத் தட்டினாலும் ‘வருந்துகிறோம், உங்களுக்குக் கணக்குத் திறக்க இயலாது’ என்ற ஒரே பதில்தான். அந்தப் பதிலை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். நாட்டில் உரிமம் வாங்கி நடத்துகிற எல்லா இணையச் சூதாட்டக் கடைகளிலிருந்தும் என்னை விலக்கி வையுங்கள் என்று ஒரு சாயங்காலம் தன் கையாலேயே பதிந்துகொண்டாள், ஆறு மாதமா, ஒரு வருடமா, ஐந்து வருடமா என்று கேட்டார்கள், ஐந்து என்றாள், இன்னும் பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் அதைத் தொட்டிருப்பாள். நடுவில் உங்கள் மனம் மாறினாலும் திறக்க மாட்டோம் என்றார்கள். அதுதானே வேண்டும். முதல் சில மாதங்கள், பல் பிடுங்கிய குழியை நாக்கு போய்ப் போய்த் தடவுவதுபோல, படுக்கப் போகுமுன் ஏதாவது ஒரு கடையைத் தட்டிப் பார்ப்பாள், வருந்துகிறோம் என்று வரும், வந்ததும் தூக்கம் பிடித்துவிடும். அம்மா போனபிறகு அவளைத் தூங்கவைத்தது அந்த ஒரு வரிதான்.

“பல் வலி எனக்கு, மூஞ்சியைச் சுளிக்கிறது நீயாம்மா?” திரு. பிளாஞ்சர்ட் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேசை முன்னால் நின்றார், பழைய மீன்பிடிக் கப்பல்காரர், குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர். உட்காருங்கள் என்றாள், கணினியில் அவர் பக்கத்தைத் திறந்தாள், நாள் முழுவதும் வாய் தானாகச் சொல்லும் அந்தக் கேள்வி வந்தது, “பேரு, விலாசம், போன் நம்பர், எதாச்சும் மாறியிருக்கா மிஸ்டர் பிளாஞ்சர்ட்?” அவர் சிரித்தார், வலியில் பாதியிலேயே நிறுத்தினார். “இந்த வயசுல பேரை மாத்திக்கிட்டு நான் யாரை ஏமாத்தப் போறேன்?” அவளும் சிரித்தாள், சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்ததுபோல. யாரை ஏமாற்றினேன்? ஒருவரையும் இல்லை. கல்யாணமான பெண் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்வது ஏமாற்றா? வசந்தத்தில் கல்யாணம் முடிந்ததும் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வங்கி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், டாக்டர், நகராட்சி வரி, நூலகம், ஷாம்பு கடையின் புள்ளி அட்டைவரைக்கும் ஒவ்வொன்றாக மாற்றினாள், டுரூரியை அடித்து ஆஸ்கர்பி, அம்மா வீட்டை அடித்துப் புருஷன் நெவிலின் வீடு. எங்கே போனாலும் வாழ்த்தினார்கள். நாற்பத்தேழு வயதில் முதல் கல்யாணம் என்றால் சற்று அதிகமாகவே வாழ்த்தினார்கள். வங்கிப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டினாள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகவில்லை. அந்தப் பூட்டு இன்னும் டுரூரியைத்தான் காத்துக்கொண்டிருக்கிறது, அம்மா வீட்டு வாசலில், ஆளில்லாத வீட்டு வாசலில், விசுவாசமாக... ஆஸ்கர்பி யாரென்றே அதற்குத் தெரியாது.

நேற்று அந்தப் போஸ்டர் வராமல் இருந்திருந்தால் இவளுக்கும் நினைவு வந்திருக்காது. நகராட்சியிலிருந்து சுருள் சுருளாக வந்திருந்தது, மருத்துவமனை, பல் வைத்தியசாலை, சலூன் எல்லாவற்றுக்கும் ஒன்று. நிர்வாகம் பார்க்கும் ஜில்லியன் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள். “என்னை உள்ள விடாதீங்கன்னு நாமளே கடைக்காரனுக்கு எழுதிக் குடுக்கலாமாம்டி. இதே மாதிரி கேக் கடைக்கு ஒண்ணு கொண்டு வரச் சொல்லு, முதல் ஆளா நான் போய் நிக்கிறேன்.” பிறகு, “இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது பெவ், உனக்குத் தெரியுமா?” எனக்கெங்கே தெரியும் என்றாள் பெவர்லி. எவ்வளவு சுலபமாக வந்தது, தும்மல் மாதிரி. நாற்காலிமேல் ஏறி நின்று அவளேதான் ஒட்டினாள், குழந்தைகளின் பல் துலக்கும் படத்துக்கும் அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய்க்கும் நடுவில். மூலைகளை அழுத்தும்போது முகம் கிட்டப் போனது, பெரிய எழுத்துகளுக்குக் கீழே எறும்பு வரிசையாகச் சின்ன எழுத்து, பெயரோ முகவரியோ மாறினால் உடனே தெரிவிக்கவும், இல்லையேல் விலக்கு முழுமையாகச் செயல்படாமல் போகலாம். நாற்காலியிலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “என்னடி, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா?” என்றாள் ஜில்லியன். ஒருவரையும் சூதாட வேண்டாமென்று சொல்லத்தானே அதை அடித்து அனுப்பியிருக்கிறார்கள், ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டு வேறு எவளுக்காவது கதவு திறந்திருக்கிறது என்ற செய்தி கிடைத்திருக்குமா... அந்த வரியை எழுதியவன் நல்லவன்தான். உடனே தெரிவிக்கவும் என்றுதானே எழுதினான். ராத்திரி தெரிவித்திருக்கலாம். நெவில் சோபாவில் இருந்தான், கால்பந்து பார்த்துக்கொண்டு, அவன் முன்னால் எப்படிப் பேசுவது, சரி, காலையில் என்று நினைத்தாள், காலையில் பேருந்தில் கைபேசியை எடுத்தபோது தெரிவிக்கத்தான் எடுத்தாள், உண்மையாகவே அதற்குத்தான் எடுத்தாளா? முதலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், இல்லாத ஓட்டையை எதற்கு அடைப்பது, என்று விரல் சொன்னது. விரல் சொல்லுமா? சொன்னது.

இழுப்பறைக்குள் ஒரு அதிர்வு, மரத்தில் பட்டு உறுமியது. அவர்களாகத்தான் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்று முழுக்கச் சீட்டு இலவசம் என்று வண்ணக் காகிதங்களுக்குக் கீழே போட்டிருந்ததே. இலவசம் என்றால் சூதாட்டமா? போடாத பணத்தை எப்படி இழப்பது? இந்தக் கேள்வியின் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும், பழைய கூட்டாளியின் முகம், சட்டை மட்டும் புதுசு.

நெவில் சொன்னான்தான், அவனாகத்தான் சொன்னான், “பேரை மாத்தணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லம்மா. இந்தக் காலத்துல யாரு மாத்துறா? நாற்பத்தேழு வருஷம் டுரூரியா இருந்துட்ட, அப்படியே இருந்துட்டுப் போ.” துறைமுகக் குளிர்கிடங்கில் மீன் பெட்டி தூக்கிக் கை காய்த்தவன், எவ்வளவு கழுவினாலும் விரலிடுக்கில் மீன் வாசம் போகாதவன், அவன் சொன்னான். இல்லை, நான் மாத்திக்கணும், என்றாள் இவள். பிடிவாதமாக. அவன் கண் கலங்கிவிட்டான், முட்டாள் மனுஷன், அன்பு என்று நினைத்தான். அன்பில்லையா? அன்புதான். டுரூரி என்ற பெயரில் அம்மாவின் கடைசிக் காலம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சட்டையைக் கழற்றுவதுபோல் கழற்றிப் போட்டுவிட வேண்டும், வேறொருத்தியாக, சுத்தமாக, முதலிலிருந்து... அதுதான் காரணம். அது மட்டும்தானா? வங்கியில் வரிசையில் நின்றபோது, எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று விரல் விட்டு எண்ணியபோது, கடைசி விரல் ஒன்று மடங்காமல் நின்றதே, அது எதற்கு என்று தெரியவில்லை, மறந்துவிட்டேன் போல என்று கையை உதறிக்கொண்டாளே, அது மறதியா? மனிதர்கள் எதை மறக்கிறார்கள்? அடுப்பை அணைக்க மறக்கிறார்கள், பிறந்த நாளை மறக்கிறார்கள். நாலு வருடம் தன்னைக் காத்த பூட்டை மறக்கிறவர்கள் உண்டா? அப்படியானால் அந்த வெள்ளை உடையும் வாழ்த்தும் நெவிலின் கலங்கிய கண்ணும்... இல்லை, இல்லை, அப்படி இல்லை. அவள் அச்சு இயந்திரத்தில் தாள் வைக்கப் போனாள். ஏற்கனவே நிறையத் தாள் இருந்தது.

மேவிஸ் கோல்பெக் செயற்கைப் பல் அளவு கொடுக்க வந்தவள், கூப்பிடும்வரை உட்காராமல் சுவரையெல்லாம் படிக்கிற பழக்கம். போஸ்டரின் முன்னால் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி நின்றாள். “இதென்ன பெவ், நம்பர் கூப்பிடுற பிங்கோவுக்குமா?” போனில் ஆடுகிறதுக்கு எல்லாவற்றுக்கும் என்றாள் பெவர்லி. “அப்ப நாங்க வியாழக்கிழமை பிங்கோ ஹாலுக்குப் போறதை யாரும் தடுக்க மாட்டாங்கல்ல? தடுத்தா எங்க கோஷ்டி ஊர்வலம் போயிடும்.” பின்னால் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த ஜில்லியன், “நீங்க ஊர்வலம் போனா பஸ்ஸே நின்னுடும் மேவிஸ்,” என்றாள், இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகும் மேவிஸ் நகரவில்லை. வெப்பக் குழாயில் தண்ணீர் சுடும் டக்டக் சத்தம் கேட்டது. பிறகு சுவரைப் பார்த்தபடியே, “எங்க மருமக கெய்ல் இருக்காளே,” என்றாள், குரல் வேறு மாதிரி, “அவ போனும் கையுமாத்தான் இருப்பா. பிள்ளைங்க பசின்னு வந்து நின்னாலும் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்பா. இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே எங்ககிட்ட சொல்லலையேம்மா. டிவியில நாள் பூரா ஆடு ஆடுன்னு பாட்டுப் பாடுறான், வேணாம்னா எங்க போகணும்னு ஒருத்தன் சொல்றானா?” திரும்பி மேசைக்கு வந்தாள், குனிந்தாள், செயற்கைப் பல் இல்லாத வாயின் ஈரமான மூச்சு. “அவ பிறந்த தேதி எனக்குத் தெரியும். விலாசம் தெரியும். நானே அவ பேரைப் போட்டுடலாமா? அவளுக்குத் தெரியாம?” பெவர்லி சட்டென்று, யோசிக்காமல், “இல்ல மிசஸ் கோல்பெக், அதை அவங்களேதான் செய்யணும். அடுத்தவங்க செய்ய முடியாது. செஞ்சாலும் நிக்காது. வேணும்னா அவங்க பக்கத்துல உக்காந்து செய்ய வைங்க. ஆறு மாசம் போதும்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, அஞ்சு வருஷம் போடச் சொல்லுங்க. அப்படியே பேங்க்கிலயும் சொல்லிச் சூதாட்டக் கடைக்குக் கார்டு போகாம அடைக்கச் சொல்லுங்க,” என்றாள். ஒரு தாளில் விலக்குப் பதிவின் உதவி எண்ணை எழுதி நீட்டினாள். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, போஸ்டர் பக்கம் தலையைத் தூக்கவே இல்லை. கோப்பு அடுக்கும் சத்தம் நின்றிருந்தது. “இவ்வளவும் அந்தப் போஸ்டர்லயா போட்டிருக்கு?” என்றாள் ஜில்லியன், விளையாட்டாகத்தான், விளையாட்டாகத்தானா? நேத்து ஒட்டும்போது படிச்சேன் என்றாள் பெவர்லி. காது மடல் சுட்டது. மேவிஸ் தாளை நாலாக மடித்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள், இவள் கையைப் பிடித்து அழுத்தினாள், “நீ நல்லாருக்கணும் தாயி.” ஊருக்குத்தான் உபதேசம். அந்தக் கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

யாருமே சொல்லவில்லையே என்கிறாள் மேவிஸ். எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? அம்மாவின் டாக்டர் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து போன நர்ஸ் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வார்கள், கேட்பதற்கு இப்படி ஒன்று இருக்கிறதென்று தெரிந்தால்தானே. பக்கவாதம் வந்து அம்மா முன்னறைக் கட்டிலில் கிடந்தாள், அவளைத் திருப்பிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது, பிறகு அவள் கண்ணயர்ந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுப்பது. பிங்கோ ஆட்டத்தின் எண்கள் தாமாக அழைக்கப்பட்டன, சீட்டில் தாமாக அடிக்கப்பட்டன, இவள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை, அதுதான் சுகம், நாள் முழுவதும் எல்லாவற்றையும் இவள்தானே செய்துகொண்டிருந்தாள். ஓரத்தில் அரட்டைப் பெட்டி, எங்கெங்கோ இருக்கும் பெண்கள், ஒருத்தி பெயர் சிவப்புத்தொப்பி, இவள் பெயர் கடற்காகம், இன்று உன் அம்மா சாப்பிட்டாளா கடற்காகம், நல்ல நேரம் வரட்டும் கடற்காகம்... நேரில் ஒருவர் இப்படிக் கேட்டதில்லை. அம்மா ஒருநாள் கண் விழித்து, கோணிய வாயால், “யார்கூடடி பேசிச் சிரிக்கிற?” என்றாள். தோழிங்கம்மா என்றாள். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். உனக்குத் தோழிகள் இருக்காங்களா, நல்லது, நான் போனபிறகு நீ தனியா இருக்க மாட்ட, என்றாள். அந்தச் சந்தோஷத்தோடேயே போய்ச் சேர்ந்தாள், அது ஒன்று. ஆனால் அம்மா தன் சாவுக்கென்று வருடக்கணக்காகப் பணம் கட்டி வந்த திட்டம், கறுப்பு வண்டி, தேவாலயத்தில் இரண்டு பாட்டு, பிறகு வந்தவர்களுக்கெல்லாம் தேநீரும் பன்றிக்கறி ரொட்டியும், அம்மா பாட்டைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள், அதை ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கும் கையெழுத்து உரிமை இவளிடம் இருந்தது. திருப்பிக் கட்டிவிடலாம் என்றுதான் வாங்கினாள், வாங்கியதைப் போனில் ஆடித் தீர்த்தாள். எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஒரு விடியலில், யாரும் நிற்காமல், பாட்டு இல்லாமல், வேறெங்கோ ஒரு ஊரில் அம்மா எரிந்தாள், அப்படி ஒரு மலிவான ஏற்பாடு இருக்கிறது. சாம்பலை ஒருவன் வேனில் கொண்டுவந்தான், கையெழுத்து வாங்கிக்கொண்டான். தங்கை டெனீஸ் நாரிச்சிலிருந்து போனில் அழுதாள், “ஒரு பாட்டுக்கூட வேணாம்னா சொன்னாங்க அம்மா?” ஆமாம், ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டாமென்று சொன்னாள், என்றாள் பெவர்லி. அதற்கப்புறமும் ஆடினாள். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. சாம்பல் வந்த அந்த வாரமே ஆடினாள், அப்போதுதான் சிவப்புத்தொப்பி அரட்டையில் எழுதினாள், பெண்களே, நான் விலக்குப் பதிவு போட்டுவிட்டேன், இதுதான் என் கடைசி ஆட்டம், யாரும் என்னைத் தேட வேண்டாம். அடுத்த கணமே அந்த வரி மறைந்துவிட்டது, அரட்டையை நடத்துகிறவன் அழித்துவிட்டான். ஆனால் அதற்குள் பெவர்லி படித்துவிட்டாள். விலக்குப் பதிவா, அப்படியென்றால்? தேடிப் பார்த்தாள். சூதாட்டக் கடைக்கு உள்ளேயிருந்துதான் அவளுக்குச் சேதி கிடைத்தது, வெளியே இருந்த ஊர் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே பூட்டினாள். சிவப்புத்தொப்பி இப்போது எங்கே இருக்கிறாளோ, அவள் பெயர் என்னவோ.

மதிய இடைவேளைக்கு வைத்தியசாலையை மூடினார்கள். ஜில்லியன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு, “வரலையா? உன் மூஞ்சி காலையிலிருந்தே சரியில்ல பெவ். நெவில்கூடச் சண்டையா? புதுப் பொண்டாட்டிக்கு இப்பவேவா?” என்றாள். காற்று வாங்கிட்டு வரேன் என்றாள். இழுப்பறையிலிருந்து போனை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள், குப்பைத் தொட்டிகள், பல் இயந்திரங்களுக்குக் காற்றடைக்கும் மோட்டாரின் இரைச்சல், மதிலுக்கு அப்பால் கடற்காகங்கள் எதற்கோ அடித்துக்கொண்டன. சொல்லிவிடலாம் நெவிலிடம், என்று நினைத்தாள். இன்றைக்கே. நெவில், உட்கார், ஒன்று சொல்ல வேண்டும். அவன் உட்காருவான், கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவான். என்ன என்பான். அதற்கப்புறம்? போன கிறிஸ்துமஸில் தொழிலாளர் கிளப்பில் எல்லோரும் பரிசுச் சீட்டு வாங்கியபோது இவள் வேண்டாமென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், அவன் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னான், “எங்காளு ஒரு பவுண்டு சீட்டுக்கூட வாங்கமாட்டாப்பா, அவ்வளவு கெட்டி,” அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் இவளுக்குப் பாதிரியம்மா என்று பெயர், இவள் வந்தால் சீட்டுக் கட்டை ஒளித்துவைப்பதுபோல் நடித்துச் சிரிப்பார்கள், நெவில்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பான். அந்தக் கெட்டியான பெண்ணைத்தான் அவன் கட்டிக்கொண்டான். இன்னொருத்தியை அவனுக்கு யார் அறிமுகம் செய்வது... போனைத் திருப்பினாள். வண்ணக் காகிதக் கடையிலிருந்து இரண்டு செய்தி, இலவசச் சீட்டுகள் காத்திருக்கின்றன பெவர்லி. நடுவில் ஒன்று நெவிலிடமிருந்து. ‘கொலின் கையை உடைச்சுக்கிட்டான், இன்னைக்கு ராத்திரி ஷிப்டு என் தலையில. விடிஞ்சுதான் வருவேன். மீனும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்டது ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணித் தின்னு. தனியா பயந்துக்காத.’

அதைப் பலமுறை படித்தாள். வெற்று வீடு. தேநீர், சோபா, அணைத்த விளக்கு, மடியில் போர்வை, கையில் வெளிச்சம். யாரும் எதையும் கேட்காத ஒரு முழு ராத்திரி. இலவசச் சீட்டு தீரும்வரைதான், தீர்ந்ததும் மூடிவிடலாம், நாளைக்குப் பதிவை மாற்றிவிடலாம், என்று அந்தப் பழைய கூட்டாளி காதோரம் வந்து நின்றான், அவசரப்படாமல், அவனுக்கென்ன அவசரம். அம்மாவின் பாட்டு எது? இரண்டில் ஒன்று நினைவிருந்தது, இன்னொன்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பயம் வந்தது, சுத்தமான பயம். அந்தப் பயம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும், அது ஆறிவிட்டால் செய்ய மாட்டேன் என்று தெரிந்தது, எண்ணை அழுத்தினாள், மேவிஸுக்கு எழுதிக்கொடுத்த அதே எண். யாரோ ஒரு பையன் எடுத்தான், வடக்கே, ஸ்காட்லாந்துப் பேச்சு, பொறுமையான குரல். பழைய பெயரைச் சொன்னாள். டுரூரி. பல நாள் கழித்து அதைச் சொல்ல நாக்கு தடுக்கியது. புதுப் பெயரைச் சொன்னாள், புது விலாசத்தைச் சொன்னாள். அவன் தட்டும் சத்தம் கேட்டது. “இதுக்காகக் கூப்பிட்டீங்களே, ரொம்ப நல்ல காரியம் மேடம். நிறையப் பேருக்கு இப்படிச் சொல்லணும்னே தெரியறதில்ல.” பிறகு, “இடையில புதுப் பேர்ல எங்கயாச்சும் கணக்குத் திறந்தீங்களா? தப்பா நினைக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான்.” மோட்டார் இரைந்தது. இல்லை என்றாள். அவன் நம்பினான், ஏன் நம்பாமல் இருக்க வேண்டும், தானாகக் கூப்பிட்டவள் பொய் சொல்வாளா? “சரி மேடம், மாத்திட்டேன். ஆனா இந்தச் சேதி எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேர ஒரு நாள் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் மட்டும் கொஞ்சம் பாத்து இருந்துக்கோங்க. இன்னைக்கு ராத்திரி உங்ககூட யாராச்சும் இருப்பாங்களா?” இருப்பார், என் கணவர் இருப்பார், என்றாள்.

போனை அணைத்தாள். மதிலில் சாய்ந்து நின்றாள், உடம்பு பஞ்சுபோல் லேசாகியிருந்தது, காலையிலிருந்து நெஞ்சில் கட்டியிருந்தது கரைந்து வெதுவெதுப்பாகக் கைகால்களுக்கு இறங்கியது. செய்துவிட்டேன். பூட்டிவிட்டேன். இதுதான் நிம்மதி, நாலு வருடத்துக்கு முன் அந்தச் சாயங்காலம் வந்த அதே நிம்மதி... அதேதானா? அன்றைக்கு அழுகை வந்தது, நடுங்கியது, தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு அழுகை வரவில்லை. பசித்தது. ஜில்லியனிடம் ஏதாவது வேடிக்கையாகப் பேசவேண்டும்போல இருந்தது, சாயங்காலம் போகும்போது கடையில் கொஞ்சம் சாக்லேட் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது, ஒரு விசேஷத்துக்கு வாங்குவதுபோல. எதற்கு இத்தனை சந்தோஷம்? அந்தப் பையனின் பேச்சு முழுவதையும் மனம் மறுபடி ஓட்டிப் பார்த்தது, நல்ல காரியம் என்றான், அதைக் கேட்டபோது இது வரவில்லை. மாத்திட்டேன் என்றான், அப்போதும் இல்லை, அப்போது உள்ளே ஏதோ பொசுக்கென்று அணைந்ததுபோலத்தான் இருந்தது. அதற்கு அடுத்து அவன் சொன்னதைக் கேட்டபோதுதான்... பெவர்லி மதிலை விட்டு விலகி நேராக நின்றாள். உள்ளேயிருந்து ஜில்லியன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ஆள் வந்தாச்சுடி, கதவைத் திற, என்று. இதோ வரேன் என்றாள். கால் நகரவில்லை. பூட்டியதற்காக வந்த சந்தோஷம் இல்லை இது, அவன் கொடுத்த அந்த ஒரு நாளுக்காக வந்தது, என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் அது குறையவில்லை.